நீக்கக் காரணம்: திருமணம்

டோக்கன் நாப்பத்தொண்ணு. இப்ப உள்ள போயிருக்கறது இருபத்தெட்டு. கோசலை பெஞ்சுல முதுகை நல்லா சாய்ச்சு உக்காந்துக்கிட்டா. கவர்மென்ட் எடத்துல பெஞ்சு நுனியில உக்காரவே கூடாது, இவ சீக்கிரம் எந்திரிச்சுப் போயிருவான்னு பாக்கறவனுக்குத் தெரிஞ்சிரும். சாஞ்சு உக்காரணும், பையை மடியில வெச்சுக்கணும், கூப்பிடற வரைக்கும் ஒரு காகிதத்தையும் வெளிய எடுக்கக் கூடாது. மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வாங்க அலைஞ்சப்ப கத்துக்கிட்டது. பட்டா மாத்த ஏழு நடை, சாதிச் சான்றிதழுக்கு மூணு நடை, கேஸ் மானியத்துக்கு எத்தனை நடைன்னு அவளுக்கே மறந்துபோச்சு, ஆனா ஒண்ணையாவது வாங்காம விட்டுட்டு வந்தான்னு ஊர்ல ஒருத்தி சொல்லட்டும் பாப்போம். இன்னைக்கும் விடப்போறதில்ல. பெரியாஸ்பத்திரி காப்பீட்டு அறை, வாசல்ல பச்சை ஸ்கிரீன், மேல ஒரு ஃபேன் சுத்தற மாதிரி பாவலா காட்டிக்கிட்டு இருந்துச்சு. எதிர்ல தூணோரமா புள்ள நிக்குது. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்கறா. காலையில பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல வந்து நின்னப்ப, யாரோ பட்டறைப் பையன் வழி கேக்க வந்திருக்கான்னு நகந்து நின்னவ இவ, பெத்தவ, நல்ல பெத்தவ போ. மீசை அரும்பியிருக்கு, தோள் அகண்டிருக்கு, நிக்கற நிப்பு அப்படியே இவளோட தம்பி நிக்கற நிப்பு. பஸ் பாடி கட்டற கம்பெனியில வெல்டராம். கையில சின்னச் சின்னதா சுட்ட தழும்பு. சட்டைக்குள்ள மட்டும் அந்தக் கெட்டித் துணி, மாரை அமுக்கிக் கட்டறது, பைண்டர்னு சொல்லுச்சு. இந்த மே மாச வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு மூச்சு மேலாப்புலதான் போய்ட்டுப் போய்ட்டு வருது. அந்தத் துணியை அவுத்துக் கடாசணும்னா மாரை எடுக்கணும். எடுக்கலாம்னு டாக்டருங்க எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க. காப்பீட்டுலதான் நிக்குது, காப்பீடு ஒரு காகிதத்துல நிக்குது, அந்தக் காகிதத்தைக் குடுத்தது கோசலை.

போன செவ்வாக்கிழமை பால்வாடியில முட்டை உரிச்சுக்கிட்டு இருக்கறப்ப போன் வந்துச்சு. "அம்மா, நான்தான்." கட்டைக் குரல். எந்த நான்தான்னு கேட்டா. "பரிதி." எந்தப் பரிதிப்பா, ராங் நம்பருன்னு வெக்கப் போனா. வெக்காதம்மான்னுச்சு அந்தக் குரல். அப்புறம், "பாப்பாம்மா. பாப்பாதான்." உரிச்ச முட்டை கையிலயே இருந்துச்சு, சின்னதுங்க எல்லாம் ஆயா ஆயான்னு தட்டைத் தட்டுதுங்க. புள்ள அழல, நல்லாருக்கியான்னு கேக்கல, நேரா விஷயத்துக்கு வந்துச்சு, அந்தக் குணம் இவகிட்ட இருந்து போனது. "காப்பீட்டு அறையில நம்ம ரேஷன் கார்டுல என் பேர் இல்லங்கறாங்க. கல்யாணம் ஆகிப் போயிட்டதா இருக்காம். என் புருஷன் கார்டைக் கொண்டாங்கறாங்கம்மா." சொல்லிட்டு சிரிச்சுச்சா அழுதுச்சான்னு இன்னமும் அவளுக்கு விளங்கல. புருஷன். எந்தப் புருஷன், அவ கண்டுபிடிச்ச புருஷன். புள்ள வீட்டை விட்டுப் போன ஆறாம் மாசம் கோசலை வீட்டுக்காரன் வீரமுத்து சாராய வாடையோட வந்து, செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்துப் பேரை எடுத்துட்டு வாடின்னான். இ-சேவைப் பொண்ணு, பேரை நீக்கணும்னா காரணம் போடணும்க்கா, இறப்பா கல்யாணமான்னு கேட்டா. ஒரு தாய்கிட்ட கேக்கற கேள்வியா அது? சாகடிக்க வாய் வரல. கல்யாணம்னுட்டா. அப்ப பத்திரிகை வேணும்க்கான்னா அவ. சொன்ன வேகத்துலயே அச்சாபீஸ் வாசல்ல போயி நின்னா கோசலை. ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் குடுங்கன்னா, ஒண்ணுக்கெல்லாம் மிஷினை ஓட்ட முடியாதும்மா, குறைஞ்சது இருபத்தஞ்சுன்னான். மாப்பிள்ளை பேரு? செவுத்துல ஜவுளிக்கடை காலண்டர், கீழ உரிமையாளர் சுரேஷ்குமார்; சுரேஷ்குமார்னு சொன்னா. மாப்பிள்ளையைப் பெத்தவரு? அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் பேரைச் சொன்னா, அந்த மனுஷன் மன்னிக்கட்டும். முகூர்த்தத்தை அவனே பாத்துப் போட்டான், வைகாசி பதினொண்ணு நல்ல நாளும்மான்னு. புள்ளையாரை இனாமாப் போட்டுக் குடுத்தான். மிச்சம் இருபத்திநாலையும் அடுப்புல வெச்சா, அந்தத் தங்க எழுத்து லேசுல எரிஞ்சு தொலையல. பொய்யைச் சொல்றதோட முடிஞ்சுதா, அதுக்குச் சோறு தண்ணி வெச்சு வளக்கணும்ல. சொல்லாமக் கொள்ளாம முடிச்சுட்டியே கோசலைன்னாங்க ஊர்ல, மாப்பிள்ளைக்கு வடக்க வேலை, லீவு இல்லன்னா. ஒரு வருஷம் போக, ஏதாச்சும் விசேஷம் உண்டான்னாங்க. தள்ளிப் போட்டிருக்காங்கன்னா. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல அவளுக்கு.

"தம்பி யாரு, உங்க மகனாக்கா?" பக்கத்துல உக்காந்திருந்தவ கேட்டா. ஜெய்புன்னு பேரு, முக்காட்டை ஒதுக்கி ஒதுக்கி விசிறிக்கிட்டு இருந்தா, டோக்கன் முப்பத்தாறு. அவ வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயி வாரத்துக்கு மூணு தடவை மெஷின்ல வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும், இந்த ஆஸ்பத்திரி மெஷின்ல எடமில்லாம வெளிய அனுப்பறதுக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்தா. எல்லாத்தையும் உக்காந்த அஞ்சாவது நிமிஷமே சொல்லிட்டா. கோசலை பையை மடியில இன்னும் கிட்ட இழுத்துக்கிட்டா. மூடி மறைக்கலாம். மூடி மறைச்சு மறைச்சுத்தான இன்னைக்கு இங்க உக்காந்திருக்கோம். உள்ள போயிச் சொல்லப்போறதை வெளியவே ஒருதரம் சொல்லிப் பாத்தா என்னன்னு தோணுச்சு. "பொண்ணாப் பொறந்துச்சு. ஆம்பளையா வளந்துருச்சு. திருநம்பின்னு சொல்றாங்க. மாரை எடுக்கணும், அதுக்குத்தான் வந்திருக்கோம்."

ஜெய்புன் விசிறறதை நிறுத்திட்டா. தூணோரத்தை ஒருதரம் பாத்தா, இவளை ஒருதரம் பாத்தா. "கோச்சுக்காதீங்கக்கா. மனசுல பட்டதைச் சொல்லிர்றேன், உள்ள வெச்சுக்கத் தெரியாது எனக்கு. எங்க வீட்டுக்காரரு மெஷின் இல்லன்னா நாலு நாள் தாங்கமாட்டாரு. இங்க அவரு மாதிரி இன்னும் எத்தனை பேரு நிக்கறாங்க தெரியுமா? இதுல நல்லாருக்கற ஒடம்பை அறுக்கறதுக்கும் கவர்மென்ட் காசு போட்டா, நோவாளி எங்கக்கா போவான்? வேணும்னு செஞ்சுக்கறதை அவங்கவங்க காசுல செஞ்சுக்கட்டுமே."

அவ கெட்டவ இல்ல. அதான் கோசலைக்குக் கோவம் வரமாட்டேங்குது. கோவம் வந்தா நாலு வார்த்தை பேசி முடிச்சிருப்பா. அவ புருஷன் சாகக் கெடக்கறான், பேசாம என்ன செய்வா? வேணும்னு. அந்த ஒரு வார்த்தை தொண்டையில மீன் முள்ளு மாதிரி நின்னுருச்சு. வேணும்னு யாரு செய்வா? பதிமூணு வயசுல புள்ள சடங்காச்சு, ஊரைக் கூட்டி மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க, தாவணியைச் சுத்தி உக்கார வெச்ச எடத்துல வாந்தி எடுத்துச்சு. வெயில் ஒத்துக்கலன்னு எல்லாரும் சொன்னாங்க, கோசலையும் சொன்னா. பதினஞ்சுல ஒருநா முதுகு தேச்சுவிடறேன்னு பாத்ரூம் தட்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா, புள்ள மாரைச் சுத்தி அடிபட்டாக் கட்டற துணி, இறுக்கி இறுக்கி, கீழ தோல் வெந்து சீக்கட்டி நாத்தம். அய்யோன்னு கத்தப் போனவ வாயைப் பொத்திக்கிட்டா, ஊருக்குக் கேக்கும்னு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனா. வேர்க்குருன்னு சொன்னா டாக்டரம்மாகிட்ட. அந்தம்மா இவளை ஒரு பார்வை பாத்துட்டு களிம்பு எழுதிக் குடுத்துச்சு, இனாம். அடுத்த மாசமும் களிம்பு, இனாம். ஒன்றரை வருஷம் களிம்பு குடுத்துச்சு கவர்மென்ட்டு, வெளங்குதா, புண்ணுக்குக் குடுத்தாங்க, காசு கேக்கல, இது வேணும்னு வந்த புண்ணுதானேன்னு யாரும் சொல்லல. பதினேழுல எலி மருந்து. அதுக்கும் இதே பெரியாஸ்பத்திரி, இதே கட்டடம், குழாய் விட்டுக் கழுவினாங்க, மூணு நாள் வார்டு, ஊசி, குளுக்கோஸ், எல்லாம் இனாம். சாகப்போன புள்ளையைப் புடிச்சு இழுக்கறதுக்குக் காசு இருக்குல்ல, சாகாம இருக்கறதுக்கு மட்டும் எங்கருந்துடா காசுன்னு கேக்கறீங்களே. இதைச் சொல்லணும். உள்ள போனதும் இதைச் சொல்லணும். ஆனா எலி மருந்தை வாயால சொன்னா அழுதுருவா, அழுதா அந்த ஆபீசரு தண்ணி குடிங்கம்மான்னு சொல்லி அனுப்பிருவான், அழறவளுக்குத் தண்ணிதான் குடுப்பாங்க, கையெழுத்துப் போடமாட்டாங்க. அழக்கூடாது. வேற சொல்லணும்.

நல்லாருக்கற ஒடம்பு. இவ ஒடம்பும் அன்னைக்கு நல்லாத்தான இருந்துச்சு? மூத்தவளுக்கு அப்புறம் இந்தப் புள்ள பொறந்து எட்டு மாசம், நர்சம்மா வீடு வீடா வந்து குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப்புக்கு ஆள் புடிச்சாங்க. ஹைஸ்கூல்ல பெஞ்சை ஒதுக்கிப் போட்டு வரிசையா படுக்க வெச்சாங்க, கோசலைக்கு முன்னாடி பத்தொம்பது பேரு. ஒரு மயக்க ஊசி, வயித்துல ஒரு ஓட்டை, அரை நாழி ஆகல, முடிஞ்சுது. ஏன் செஞ்சுக்கறன்னு ஒருத்தன் கேக்கல. மனநல டாக்டரு ரெண்டு பேரு உக்காந்து யோசிச்சுப் பாத்தியாம்மான்னு கேக்கல. இது நோவான்னு கேக்கல. கையில ரூபாயும் ஒரு எவர்சில்வர் தூக்கும் குடுத்து வேன்ல ஏத்தி அனுப்பினாங்க. அவ அதைத் தப்புன்னு சொல்லல, அவளுக்கும் போதும்னுதான் இருந்துச்சு, வீரமுத்துவை நம்பி மூணாவதுக்கு யாரு கஞ்சி ஊத்தறது? நல்லாருந்த ஒடம்பைத்தான் அறுத்தாங்க, அவ நல்லாருக்கட்டும்னு அறுத்தாங்க, அறுத்ததுல அவ பொழப்பு நேரானது நெசம். கவர்மென்ட்டுக்கு வேணும்னா வீடு தேடி வந்து அறுப்பாங்க. நமக்கு வேணும்னா மட்டும் டோக்கன் நாப்பத்தொண்ணு. இதை நினைச்சதும் கோசலைக்கு முதுகு நிமிந்துக்கிச்சு. அட, இது தெரியாம இத்தனை நாளா வயித்துலயே தழும்பை வெச்சுக்கிட்டு இருந்திருக்கமேன்னு சிரிப்புக்கூட வந்துச்சு.

சிரிப்பு நிக்கல, அதுக்குள்ள ஜெய்புன் புருஷன் ஞாபகம் வந்துருச்சு, வந்து குறுக்க நின்னுச்சு. இவ சொல்றது எல்லாம் சரி, அந்த ஆளு நாலு நாள் தாங்கமாட்டாரே, அதுக்கு என்ன பதில்? புள்ள ஒரு மாசம் தாங்கும், ஒரு வருஷம் தாங்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இதுவரைக்கும் தாங்கியிருக்கு. மறுபடி எலி மருந்துன்னு போயிட்டா? அவரு முந்தியா இது முந்தியா? மனசு ரெண்டையும் தராசுல வெச்சு வெச்சுப் பாத்துச்சு, பாக்கப் பாக்கத் தலை வலிச்சுச்சு. அப்புறம்தான் பொட்டுல அடிச்ச மாதிரி தோணுச்சு, இந்தத் தராசை என் கையில குடுத்தது யாருன்னு. ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சுட்டு, ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காந்திருக்கான், நாம இங்க அடிச்சுக்கிட்டுக் கெடக்கறோம்.

"ஜெய்புன், நீ சொன்னதுல பாதி சரி," ன்னா. "மெஷின் பத்தலதான். பத்தலன்னா கூட நாலு மெஷின் போடுன்னு கேப்போம், நான் வேணா உன்கூட கலெக்டர் ஆபீசுக்கு வர்றேன், எனக்கு அங்க எந்த மேசையில யாருன்னு அத்துபடி. ஆனா எம்புள்ள வரிசையை விட்டுப் போனா உனக்கு மெஷின் வந்துருமா? வராது. உனக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஆகும். நானும் தீப்பெட்டியிலருந்து சோப்பு வரைக்கும் வரி கட்டறேன், எம்புள்ளையும் கட்டுது."

"வாய் நல்லா இருக்குக்கா உங்களுக்கு," ன்னா ஜெய்புன். "ஆனா எனக்கு மனசு ஒப்பல." "ஒப்ப வேணாம்," ன்னா கோசலை. "எனக்கே இன்னும் முழுசா ஒப்பல." சொன்ன பிறகுதான் அது நெசம்னு அவளுக்கே தெரிஞ்சுது. ஒப்பல. அந்த மீசையைப் பாத்தா பின்னிவிட்ட ரெட்டைச் சடையைத் தேடுது கை. பரிதி பரிதின்னு பஸ்ல வரும்போது நூறு தரம் சொல்லிப் பாத்தா, வாயில உக்காரமாட்டேங்குது. புரியறதுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. புரிஞ்ச பிறகுதான் செய்வேன்னா, அது வரைக்கும் புள்ள அந்தத் துணிக்குள்ளயே மூச்சு விடணுமா? புரியறது அது பாட்டுக்குப் பின்னால வரட்டும், கையெழுத்து முன்னால போகட்டும்.

புள்ள தூணை விட்டு வந்து தண்ணி பாட்டிலை நீட்டுச்சு. பக்கத்துல உக்காரல, குனிஞ்சு மெதுவாப் பேசுச்சு. "அம்மா, ஒண்ணு சொல்றேன். பத்திரிகை பொய்யின்னு எழுதிக் குடுத்தா உன் வேலைக்கு ஏதாவது வந்துரும்மா. பால்வாடியிலருந்து தூக்கிட்டாங்கன்னா? நான் வேற வழி பாக்கறேன். சம்பளத்துல சேத்து வெச்சு வெளிய பண்ணிக்கறேன், நாலஞ்சு வருஷம் ஆகும், பரவால்ல." இந்தப் பயம் செவ்வாக்கிழமையிலருந்து அவகூடவே பஸ் ஏறி வந்த பயம். கவர்மென்ட் சம்பளம் வாங்கறவ கவர்மென்ட்டுக்கே பொய்ப் பத்திரிகை குடுத்தா சும்மா விடுவாங்களா? ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு வருஷம் இருக்கு. வீரமுத்து தூக்கி நிறுத்தவா போறான். தெருவுல சிரிப்பாங்க, இல்லாத மாப்பிள்ளைக்கு லீவு இல்லன்னு சொன்னவன்னு. பயந்தா, நல்லாவே பயந்தா. "நாலஞ்சு வருஷமா?" ன்னா. "நீ அந்த வெல்டிங் புகையில இந்தத் துணியையும் கட்டிக்கிட்டு நாலஞ்சு வருஷம் நிப்ப, நான் முட்டை உரிச்சுக்கிட்டு இருக்கணுமாக்கும். போய் நில்லு போ." குரல் அதட்டலா வந்துச்சு, எத்தனையோ வருஷம் கழிச்சு அதட்டறா. புள்ள சிரிச்சுட்டுப் போயி தூணோரத்துல நின்னுச்சு.

ஜெய்புன் உள்ள போயிட்டு வந்தா, அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்கன்னு முக்காட்டால கண்ணைத் துடைச்சா. கோசலை அவ கையைப் புடிச்சு போன் நம்பரை எழுதி வாங்கிக்கிட்டா, திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள், பத்து மணிக்கு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நில்லு, வர்றேன்னா. ஜெய்புன் தலையாட்டிட்டுப் போனா. அப்புறம் நாப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டாங்க.

உள்ள இருந்த ஆபீசருக்கு முப்பது வயசு இருக்கும், கண்ணு ரெண்டும் தூங்காத கண்ணு. கம்ப்யூட்டரைத் தட்டினான். "பொண்ணு பேரு நீங்கியிருக்கும்மா. காரணம் திருமணம்னு இருக்கு. பத்திரிகை அப்லோட் ஆயிருக்கு." "கல்யாணம் நடக்கல சார். பத்திரிகையை நான்தான் அடிச்சேன்." அவன் நிமிந்து பாத்தான். எழுந்து போயி ஸ்கிரீனை இழுத்துவிட்டுட்டு வந்து உக்காந்தான். "அம்மா, இதை என்கிட்ட சொன்ன மாதிரி எழுத்துல சொல்லாதீங்க. நீங்க பால்வாடி ஸ்டாஃப்னு இருக்கு. ஒரு மனு எழுதுங்க, இ-சேவை மையத்துல தவறுதலா நீக்கிட்டாங்கன்னு போடுங்க. நான் தாலுகாவுக்கு அனுப்பிடறேன். பேர் சேந்தா இங்க வேலை நடக்கும். உங்களுக்கும் தொந்தரவு இல்ல." நல்லவன்தான். நல்ல வழிதான். கோசலை வெள்ளைத் தாளை வாங்கினா, பேனாவை வாங்கினா. அனுப்புநர் எழுதினா, பெறுநர் எழுதினா, ஐயா எழுதினா. தவறுதலா. அந்த இ-சேவைப் பொண்ணுக்கு இருபது வயசு இருக்குமா அன்னைக்கு? விசாரணைன்னு வந்தா அவ வேலை போகும். இன்னொருத்தி புள்ளையை மாட்டிவிட்டு எம்புள்ளை பேரைச் சேக்கறதா? அதுவும் போகட்டும், மறுபடி ஒரு பொய்யா, அதுக்கும் சோறு தண்ணி வெக்கணுமா, சாகற வரைக்கும் அதையும் தூக்கிச் சுமக்கணுமா? தாள்மேல பேனா நின்ன எடத்துல மை புள்ளியாச்சு. போதும்டா சாமி. எழுத ஆரம்பிச்சா. பள்ளிக்கூடத்துல எழுதின குண்டு எழுத்து, ஒவ்வொண்ணா. எழுதி முடிச்சு கையெழுத்துப் போட்டு, தாளை அவன் பக்கம் தள்ளினா.

அவன் கண்ணாலயே படிச்சான். படிச்சுட்டு, "அம்மா, இது..." ன்னு இழுத்தான்.

"சத்தமாப் படிங்க சார்," ன்னா கோசலை. எந்திரிச்சுப் போயி அவன் மூடின ஸ்கிரீனை முழுசாத் தள்ளிவிட்டா. வெளிய வரிசை மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு, தூணோரமா நின்ன பரிதியும் பாத்தான். "என் மகனுக்கும் கேக்கட்டும்."

அவன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டுப் படிச்சான்: "ஐயா, என் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. வெட்கப்பட்டு நான்தான் பேரை எடுத்தேன். யாருடைய தவறும் இல்லை, என் தவறு. இப்போது எனக்கு வெட்கம் இல்லை. பேரைச் சேர்த்து, ஆபரேஷனை அரசாங்கமே செய்து தர வேண்டும். அது வரைக்கும் வந்துகொண்டே இருப்பேன். இப்படிக்கு, கோசலை, பரிதியின் அம்மா."